எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

"எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. அம்பு தானாகப் பறப்பதில்லை. வில்லை வளைத்து, நாணை இழுத்து, குறி பார்த்து விடுபவன் ஒருவன் இருக்கிறான். எனினும், காயம் பட்டவன் கண்ணுக்குத் தெரிவது அம்பு ஒன்றே. ஆதலின் கோபம் முழுவதும் அதன் மேலேயே பாய்கிறது. இக்கட்டுரையில் நாம் ஆராயப் போகும் அம்புக்கு நான்கு கால்கள் உண்டு, வாலும் உண்டு.

சில நாய் இனங்களுக்கு உலகெங்கும் கெட்ட பெயர் ஏற்பட்டிருக்கிறது. 'பிட்புல்' என்றால் கொலைகார நாய் என்கிறார்கள். 'ராட்வீலர்' என்றால் குழந்தைகளைக் கொண்டு ஓடுகிறார்கள். இப்பெயர் எங்கிருந்து வந்தது? இரத்தத்தோடு வந்ததா, வளர்ப்பினால் வந்ததா? நாய் தானே தேடிக் கொண்டதா, மனிதன் தேடித் தந்ததா? நண்பர்களே! விஞ்ஞானம் கற்கும் நாம், இக்கேள்வியை விருப்பு வெறுப்பின்றி ஆராய்வது கடமை. ஏனெனில், இதற்கு நாம் கூறும் விடை நாயோடு நின்றுவிடுவதில்லை. மனிதரை மதிப்பிடும் முறைவரை செல்கிறது.

ஒரு பட்டியலின் கதை

2024 மார்ச் 12 அன்று, நடுவண் அரசின் கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 வகை நாய்கள் மனித உயிருக்கு ஆபத்தானவை. அவற்றை இறக்குமதி செய்யலாகாது, விற்கலாகாது, இனம் பெருக்கலாகாது. முன்னரே வளர்ப்பவர்கள் அவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

பட்டியலைக் கூர்ந்து படிப்பவர்க்குச் சில வேடிக்கைகள் புலப்படும். 'டோசா இனு' என்று ஓரிடத்திலும், 'ஜப்பானிய டோசா' என்று வேறோர் இடத்திலும் ஒரே நாய் இருமுறை குற்றவாளியாக நிற்கிறது. 'டெரியர்கள்' என்று ஒரு சொல்லில் ஒரு பெருங்கூட்டமே அடைபட்டுக் கிடக்கிறது. டெரியர் என்பது ஓர் இனம் அன்று. பல இனங்களைக் கொண்ட ஒரு பெரும்பிரிவு. அதில் முழங்கால் உயரம் கூட இல்லாத சிறு நாய்களும் உண்டு. பழைய 'எச்.எம்.வி.' இசைத்தட்டின் நடுவே, ஒலிபெருக்கிக் குழாயின் முன் அமர்ந்து தலையைச் சாய்த்துக் கேட்கும் நாய்க்குட்டியை நம் வீட்டுப் பெரியவர்கள் யாவரும் அறிவர். 'நிப்பர்' என்னும் அந்த நாய் டெரியர் கலப்பே. பட்டியலைச் சொல்லுக்குச் சொல் நடத்தினால் அதற்கும் இடமில்லை!

ஒரு மாதம் செல்வதற்குள், எங்கள் தங்கவயல் மக்கள் நாள்தோறும் ரயிலேறி வேலைக்குச் செல்லும் பெங்களூரில், கர்நாடக உயர்நீதி மன்றம் இச்சுற்றறிக்கையை ரத்துச் செய்தது. தீர்ப்பு வந்த நாள் 2024 ஏப்ரல் 10. உரியவர்களின் கருத்தைக் கேளாமல் இத்தகைய தடையை விதித்தல் தகாது. கேட்டு, முறைப்படி ஆராய்ந்து புதிதாக ஆணை பிறப்பிக்கத் தடையில்லை என்பது தீர்ப்பின் போக்கு.

சட்டத்தின் கேள்வி அவ்வாறு முடிந்தது. விஞ்ஞானத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது. இனத்தைப் பார்த்து நாயின் குணத்தைச் சொல்ல முடியுமா?

இனம் என்பது யாருடைய படைப்பு?

நாய் இனங்கள் இயற்கையின் படைப்பு அல்ல. ஓநாயின் வழியில் வந்த நாயை, மனிதன் தன் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான். ஆடு மேய்ப்பவன் ஒரு வகையைத் தேர்ந்தான். முயல் வேட்டைக்காரன் மற்றொரு வகையைத் தேர்ந்தான். செருமனியில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் டோபர்மன் என்ற ஒருவர் இருந்தார். அவர் வரி வசூலிப்பவர். வரி வசூலிக்கச் செல்பவரை யார்தாம் வரவேற்பார்? தமக்குத் துணையாக வரவல்ல காவல் நாய் ஒன்றை அவர் உருவாக்கினார். அவர் பெயரே அந்த இனத்தின் பெயராயிற்று.

பிட்புல்லின் கதை இன்னும் தெளிவானது. இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து அதன்மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் வழக்கம் இருந்தது. 1835-இல் சட்டம் அதனைத் தடுத்தது. வேடிக்கை விரும்பிகள் ஓய்ந்தார்களா? இல்லை. காளையோடு நாயைப் பொருத வைத்தவர்கள், குழி தோண்டி நாயோடு நாயைப் பொருத வைத்தனர். அதற்கெனப் புல்டாக்கையும் டெரியரையும் கலந்தனர். 'பிட்' என்றால் குழி. ஆக, பிட்புல் என்ற பெயரே மனிதன் தோண்டிய குழியிலிருந்து வந்ததாகும்.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். "சண்டைக்கென்றே தேர்ந்து பெருக்கிய நாய், சண்டைக் குணத்தோடு பிறப்பது இயல்புதானே?" என்பார். நியாயமான கேள்வி. பரம்பரைக்கு ஒரு பங்கும் இல்லை என்று கூறுபவன் விஞ்ஞானி ஆகான். பங்கு எவ்வளவு என்பதே நாம் கேட்க வேண்டியது.

2022-இல் 'சயன்ஸ்' என்னும் புகழ் பெற்ற ஏட்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் குழு ஒன்று தன் முடிவுகளை வெளியிட்டது. 18,385 நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுக்களும் ஆராயப்பட்டன. நாய்க்கு நாய் குணம் வேறுபடுகிறது அல்லவா? அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கையே இனம் விளக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. சொன்னதைக் கேட்டு நடக்கும் தன்மை போன்ற சிலவற்றில் இனத்தின் செல்வாக்குச் சற்று அதிகம். ஆனால், எளிதில் சினம் கொள்ளுமா, கொள்ளாதா என்னும் தன்மையில் இனம் நமக்குச் சொல்வது மிகமிகச் சொற்பம். நாம் எதைக் கொண்டு அஞ்சுகிறோமோ, அதையே இனத்தின் பெயர் சரிவரச் சொல்வதில்லை!

ஒன்றை மறுக்க முடியாது. உடலின் பருமனும் தாடையின் வலிமையும் பரம்பரையாக வருபவை. சிறு நாய் கடித்தால் கணுக்காலில் கீறல். பெரிய நாய் கடித்தால் எலும்பே முறியும். ஆதலின் பெரிய நாயை வளர்ப்பவனுக்குப் பொறுப்பும் பெரிது. ஆனால், வலிமை வேறு, குணம் வேறு. கனத்த சம்மட்டி தானே எழுந்து எவரையும் அடிப்பதில்லை.

மூன்றாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும்

குணத்தின் பெரும்பகுதி இனத்தால் வராவிடில், வேறு எதனால் வருகிறது? அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். குட்டியின் வாழ்வில் மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே தலையானது என்று அவர்கள் கண்டனர். அப்போது யாரோடு பழகுகிறதோ, அவரைத் தன் கூட்டத்தவர் என்று குட்டி ஏற்றுக் கொள்கிறது. குழந்தையின் கூச்சல், சைக்கிள் மணி, தலைப்பாகை கட்டியவர், கோல் ஊன்றி நடப்பவர் ஆகிய எல்லாம் அப்போது பழகிவிட்டால் பின்னர் அச்சம் எழுவதில்லை.

1961-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி இதனை மறுபுறத்திலிருந்து காட்டியது. வேலியிட்ட வயலில், மனிதர் பழக்கமே இன்றிச் சில குட்டிகள் வளர்க்கப்பட்டன. ஏழாம் வாரம் ஒன்பதாம் வாரம் என உரிய காலத்தில் மனிதரோடு பழகிய குட்டிகள் நன்கு இணங்கின. பதினான்கு வாரம் வரை தனித்து விடப்பட்டவையோ, பின்னர் எவ்வளவு முயன்றும் மனிதரைக் கண்டால் அஞ்சி விலகின. அஞ்சும் நாய்க்கு ஓட வழி இருந்தால் ஓடும். வழி இல்லாவிடில் கடிக்கும்.

இப்போது நம் ஊர்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். இணையத்தில் படத்தைப் பார்த்து, நாற்பது நாள் கூட ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்குகிறார்கள். "கண்டவரோடும் பழகினால் காவல் காக்காது" என்று எவரையும் அண்ட விடுவதில்லை. மாடியில் ஒரு மூலையில் ஒன்றரை முழச் சங்கிலி. வெயிலும் அதற்கே, மழையும் அதற்கே. குரைத்தால் தடியடி, உறுமினால் பாராட்டு. வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்று பலகை. இரண்டு ஆண்டு கழித்து, சங்கிலி அறுந்த ஒரு நாளில், அது தெருப் பிள்ளையைக் கடித்துவிட்டால், "அந்த இனமே அப்படித்தான்" என்று முதலில் கூறுபவர் அதே வீட்டுக்காரர்தாம்!

எங்கள் தங்கவயலின் லைன் வீடுகளை இதனோடு ஒப்பிடலாம். சுரங்கத் தொழிலாளருக்கென வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகள் அவை. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவர். அங்கே சங்கிலிக்கும் இடமில்லை, தனிமைக்கும் இடமில்லை. எந்த இனம் என்று எவரும் சொல்ல முடியாத நாட்டு நாய்கள், பத்து வீட்டுச் சோறு தின்று, நூறு பிள்ளைகளின் காலடியில் வளர்கின்றன. இரவு ஷிப்டு முடிந்து, முகமெல்லாம் தூசியோடு இருட்டில் வரும் தொழிலாளியைப் பார்த்து லைன் நாய் குரைக்காது என்று என் தாத்தா சொல்வதுண்டு. அதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான்: "அதுக்கு நம்ம எல்லாரையும் தெரியும்பா." ஸ்காட்டும் புல்லரும் ஒரு நூல் முழுவதும் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். லைன் நாய் கடிப்பதே இல்லை என்று நான் கூறவில்லை. குட்டி ஈன்ற நாயும், நோயுற்ற நாயும், கல்லடி பட்ட நாயும் கடிக்கும். அங்கும் காரணம் இனம் அன்று என்பதே கருத்து.

வில்லன் மாறிக்கொண்டே இருக்கிறான்

கெட்ட பெயர் இரத்தத்தில் உள்ளதாயின், அது என்றும் ஒரே இனத்தின்மேல் நிற்க வேண்டும். வரலாறு அப்படிக் காட்டவில்லை.

நாம் 'அல்சேஷன்' என்று அழைக்கும் நாயின் உண்மைப் பெயர் செருமானிய மேய்ப்பு நாய் என்பது. முதல் உலகப் போரில் செருமனி பகை நாடாயிற்று. அதன் பெயரைத் தாங்கிய நாயை இங்கிலாந்தில் எவர் வளர்ப்பார்? ஆகவே 1919-இல் அதற்கு 'அல்சேஷன் ஓநாய் நாய்' என்று புதுப் பெயர் சூட்டினர். வந்தது வினை! 'ஓநாய்' என்ற சொல்லைக் கேட்டு ஆஸ்திரேலிய ஆட்டு மந்தைக்காரர் நடுங்கினர். இந்நாய் ஆடுகளைக் கொல்லும் என்று கூறி 1929-இல் அந்நாடு இதன் இறக்குமதியைத் தடுத்தது. ஆடு மேய்க்கவென்றே தோன்றிய நாய், ஆடு கொல்லி என்று பழி சுமந்து நின்றது! 1970-களில்தான் அத்தடை முற்றும் நீங்கியது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நாயின் இரத்தம் மாறவில்லை. மனிதரின் எண்ணம் மாறியது. இன்று அதே நாய் போலீசுத் துறையின் செல்லப்பிள்ளை. கண்ணிழந்தோர்க்கும் அது வழிகாட்டியிருக்கிறது.

அல்சேஷனுக்குப் பின் டோபர்மன் வில்லன் ஆயிற்று. டோபர்மனுக்குப் பின் ராட்வீலர். அதன் பின் பிட்புல். திரைப்படத்தில் கெட்டவன் மாளிகை வாயிலில் எந்த நாய் நிற்கிறதோ, அதுவே அந்தக் காலத்தின் கொடிய நாய் ஆகிறது.

இங்கே ஒரு சுழற்சி வேலை செய்வதைக் காணலாம். ஓர் இனம் கொடியது என்று பெயர் பரவுகிறது. அப்பெயரைக் கேட்டு அமைதியான குடும்பத்தார் ஒதுங்குகின்றனர். பிறரை அச்சுறுத்த விரும்புபவன் அதனையே தேடி வாங்குகிறான். வாங்கியவன் அதனைக் கட்டிப் போடுகிறான், அடிக்கிறான், ஏவி விடுகிறான். அது கடிக்கிறது. பத்திரிகை இனத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறது. பெயர் மேலும் பரவுகிறது. முதலில் பொய்யாக இருந்த பெயரை, மனிதனே முயன்று மெய்யாக்கி விடுகிறான்.

இச்சுழற்சியை அறுத்துப் பார்த்த நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மைக்கேல் விக் என்பவர் அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தில் பெரும் புகழ் பெற்றவர். வர்ஜீனியா மாநிலத்தில் அவருக்குரிய இடத்தில் நாய்ச் சண்டை நடந்து வந்தது 2007 ஏப்ரலில் வெளிப்பட்டது. அவர் சிறை சென்றார். அங்கே கைப்பற்றிய ஏறக்குறைய ஐம்பது பிட்புல் நாய்களை என் செய்வது? சண்டை நாய்களைக் கொன்றுவிடுவதே அதுவரை வழக்கம். இம்முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்தனர். மிகப் பெரும்பாலானவற்றை வாழவிடலாம் என்று தெரிந்தது. மிகவும் நலிந்திருந்த 22 நாய்கள் யூட்டா மாநிலத்து விலங்குக் காப்பகம் ஒன்றுக்குச் சென்றன. பல நாய்கள் குடும்பங்களில் வளர்ந்தன. அவற்றுள் ஒன்று, சிறுவர்கள் உரக்கப் படித்துப் பழகும்போது அருகில் அமர்ந்து கேட்கும் தொண்டும் செய்தது. குழியில் இறக்கினால் குழி நாய். திண்ணையில் ஏற்றினால் திண்ணை நாய்!

கடித்த நாயைச் சுற்றி நின்றவை எவை?

உயிரே போன நிகழ்ச்சிகளை என்ன சொல்வது என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய்க்கடியால் நேர்ந்த 256 சாவுகளைக் கால்நடை மருத்துவ அறிஞர் சிலர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். அவர்கள் கண்டவை:

நூற்றுக்கு 87 நிகழ்ச்சிகளில், இடையே புகுந்து தடுக்கத்தக்க ஆள் எவரும் அருகில் இல்லை. நூற்றுக்கு 84-இல், நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. நூற்றுக்கு 76-இல், நாய் வீட்டாரோடு பழகாமல் சங்கிலியிலோ கூண்டிலோ புறம்பாக வைக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு 80-இல், இத்தகைய காரணங்கள் நான்கோ அதற்கு மேலோ ஒன்று கூடி நின்றன. இனம் எது என்பதை ஐயமின்றிச் சொல்ல முடிந்ததோ, நூற்றுக்கு 18 நிகழ்ச்சிகளில் மட்டுமே.

முதலில் கூறிய காரணங்கள் எல்லாம் மனிதன் செய்தவை. அல்லது செய்யத் தவறியவை. அவற்றை நாளையே மாற்றலாம். ஆனால், செய்தித்தாளில் தலைப்பாவது உறுதியாகத் தெரியாத அந்த இனமே!

நம் சென்னையில் 2024 மே மாதத்தில், நுங்கம்பாக்கத்து மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. அவள் அப்பூங்காக் காவலாளியின் மகள். நாடெங்கும் பேச்சு எழுந்தது. பேச்சில் பெரும்பகுதி ராட்வீலரைத் தடை செய்வதா, வேண்டாவா என்பதே. பிள்ளைகள் விளையாடும் பூங்காவில் அந்நாய்கள் கட்டின்றித் திரிந்தது எப்படி? வாயில் பூட்டு ஏன் இல்லை? இக்கேள்விகளே அச்சிறுமியைக் காத்திருக்கக் கூடியவை. இனத்தின்மேல் பழி போடுவது நாய்க்குச் செய்யும் தீங்கு மட்டும் அன்று; அடுத்து கடிபடப்போகும் குழந்தைக்கும் தீங்கு. கருத்து வேறு திசையில் திரும்பி விடுவதால், மெய்யான காரணம் அப்படியே கிடக்கிறது.

வெளிநாடுகளின் அனுபவமும் இதுவே. இங்கிலாந்து 1991-இல் பிட்புல் முதலிய நான்கு வகைகளைத் தடுத்தது. நாய்க்கடிக்காக அங்கே மருத்துவமனையில் சேர்வோர் தொகை குறையவில்லை; ஏறியே வந்தது. அச்சுறுத்தும் நாயை விரும்பியவர்கள் 'எக்ஸ்.எல். புல்லி' என்னும் புது வகைக்கு மாறினர். 2024 பிப்ரவரி முதல், விலக்குப் பெறாமல் அதையும் வைத்திருத்தல் அங்கே குற்றமாயிற்று. நாளை வேறொரு வகை வரும். நெதர்லாந்து 1993-இல் பிட்புல் தடையைக் கொண்டு வந்து, கடி குறையாமை கண்டு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கைவிட்டது.

'சாதி நாய்' என்ற சொல்

இனம் தெரிந்த, விலை உயர்ந்த நாயை நாம் 'சாதி நாய்' என்கிறோம். மற்றதைத் 'தெரு நாய்' என்கிறோம். எண்ணிப் பார்த்தால் வெட்கப்பட வேண்டிய சொற்கள். பிறப்பால் உயர்வும் பிறப்பால் இழிவும் கற்பிக்கும் நம் பழைய நோய், நாய்க்குப் பெயரிடும்போதும் நம்மை விடவில்லை. சாதி நாய்களிலும், அயல்நாட்டு நாய்க்கு இருக்கும் மதிப்பு நம் நாட்டு நாய்க்கு நெடுநாள் இருந்ததில்லை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவை தமிழகத்தின் சொத்து. இவற்றுள் இராசபாளையத்தின் உருவம் 2005 சனவரியில் அஞ்சல் தலையில் இடம் பெற்றது. கோம்பையும் இராசபாளையமும் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்றவை. 'முரட்டு நாய்' என்ற பெயரும் அவற்றுக்கு உண்டு. வயலும் தோப்பும் சுற்றித் திரிந்த நாயை, நகரத்து வீட்டின் இரண்டடி இடைவெளியில் கட்டி வைத்தால் முரடாகாமல் என்ன செய்யும்?

தங்கவயல்காரர்களுக்கு இப்பொருளில் தனி அக்கறை உண்டு. காரணம் சொல்கிறேன். மனிதரை நாயோடு ஒப்பிடுவது என் நோக்கம் அன்று. கூட்டத்துக்குப் பெயரிட்டு ஆளை எடை போடும் அந்த எண்ண முறையையே ஒப்பிடுகிறேன்.

வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி நம் முன்னோர் தங்கவயலுக்கு வந்தனர். பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தனர். ஆனால் எடுத்த கை, திருடும் கை என்றே பார்க்கப்பட்டது. தொழிலாளரைப் பதிவு செய்து கைரேகை வாங்கும் திட்டத்தை எதிர்த்து, 1930-இல் அங்கே பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. 2018-இலும் 2022-இலும் எங்கள் ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட திரைப்படங்கள் வந்தன. அவை கற்பனைக் கதைகள். எனினும், இன்று விடுதியில் புதிதாய் அறிமுகமாகும் நண்பர், ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அங்கே எல்லாரும் கத்தியோடுதான் திரிவார்களா?" என்று சிரித்துக் கொண்டே கேட்கிறார். கேட்பவர் கெட்டவர் அல்லர். பெயர் அவருக்கு முன்னே ஓடிவந்து விடுகிறது.

இதனினும் கொடிய எடுத்துக்காட்டு நம் வரலாற்றில் உண்டு. 1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது; 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் அது குற்றவாளி வீட்டுக் குழந்தை என்றது. அச்சட்டம் நாடெங்கும் நீங்கியது 1952-இல். சட்டம் நீங்கியது, பார்வை இன்னும் முற்றும் நீங்கவில்லை. பிறப்பைப் பார்த்துக் குணத்தைத் தீர்மானிப்பது, விஞ்ஞானத்தின் வேடம் போட்டு வரும் சோம்பல். ஆளை ஆளாகப் பார்க்கும் உழைப்பிலிருந்து அது நம்மைத் தப்புவிக்கிறது. நாயின்மேல் அதனைப் பழகிக் கொள்ளும் மனம், மனிதன்மேல் பயன்படுத்தத் தயங்காது.

நாம் செய்யத் தக்கவை

ஆராய்ச்சி செயலில் முடிய வேண்டும். குட்டி வாங்க விரும்புவோர், எட்டு வாரமேனும் அதனைத் தாயோடு இருக்க விடட்டும். பின்வரும் வாரங்களில் குழந்தைகளோடும் முதியவரோடும் அயலாரோடும் அச்சமின்றிப் பழக்கட்டும். வெறிநோய்த் தடுப்பூசி, கருத்தடை, நகராட்சி உரிமம் ஆகிய மூன்றையும் தவறாமல் செய்யட்டும். பெரிய நாயைத் தெருவுக்குக் கொண்டு செல்வோர், கையில் வாரும் நாயின் வாய்க்கு மூடியும் கொண்டு செல்லட்டும். சிறு குழந்தையையும் நாயையும், எவ்வளவு நல்ல நாயாயினும், ஆள் துணையின்றித் தனியே விடுதல் கூடாது.

சட்டமும் இல்லாமலில்லை. தன் விலங்கினால் பிறர்க்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுபவனுக்கு, 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு ஆறு மாதச் சிறை வரை வைத்தது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையின் 291-ஆம் பிரிவும் அதையே கூறி, அபராதத்தை 5,000 ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது. இரண்டிலும் நாயின் இனம் பற்றிய பேச்சே இல்லை. சட்டம் எய்தவனைத்தான் பார்க்கிறது. அதனைக் கையாள்வதே குறை.

எந்த நாய் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "வீட்டு நாய்தானே, சாதி நாய்தானே" என்று இருந்துவிடாதீர்கள். வெறிநோய்க் கிருமி சாதி பார்ப்பதில்லை. நோயின் குறி தோன்றிய பின் மருந்தால் பிழைத்தவர் மிகமிக அரியர். தோன்றுமுன் ஊசி போட்டுக் கொண்டவர் பிழைப்பது உறுதி எனலாம்.

நண்பர்களே! நாய் கடித்த செய்தியை இனிப் படிக்கும்போது, அது என்ன இனம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதை யார் வளர்த்தார், எப்படி வளர்த்தார், அப்போது அவர் எங்கே இருந்தார் என்றும் கேளுங்கள். சங்கிலிக்கு இரண்டு முனைகள் உண்டு. நாம் இதுகாறும் ஒரு முனையையே பார்த்து வந்தோம்.